160 சென்டிமீட்டர்

தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் நடத்துநர் ஆக வேண்டுமென்றால் குறைந்தது 160 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2024-இல் பெண்களுக்கு மட்டும் அதை 150 ஆகக் குறைத்தார்கள். இந்த மாற்றத்தைச் சொல்ல நம்மிடம் கைவசம் இருந்த சொற்கள் இரண்டுதான்: தளர்வு, சலுகை. சின்னச் செய்தி. படித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்போம்.

கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 சென்டிமீட்டர். அதாவது, 160 என்று எழுதி முடித்த கணத்திலேயே பெரும்பாலான பெண்கள் வரிசையைவிட்டு வெளியே போயாயிற்று. விதியில் எங்கேயும் ‘பெண்கள் விண்ணப்பிக்கக் கூடாது’ என்று ஒரு வார்த்தை கிடையாது. அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு 1989-இலேயே வந்துவிட்டது. ஒரு கை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்க, இன்னொரு கை வாசற்படியை உயர்த்தி வைத்திருக்கிறது. இரண்டுமே ஒரே அரசின் கைகள். அவற்றுக்குள் சண்டைகூடக் கிடையாது. ஒன்று என்ன செய்கிறது என்று மற்றது கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் இதற்கு ‘டிஃபால்ட்’ என்று பெயர். பயனர் எதையும் தேர்வு செய்யாவிட்டால் நிரல் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு அது. டிஃபால்ட்டின் விசேஷம், அது யாரோ எடுத்த முடிவு என்பதே வெளியே தெரியாது. இயற்கை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதை மாற்றச் சொல்லிக் கேட்பவர்தான் ‘விசேஷமான’ ஆள் ஆகிவிடுவார். 160 என்பது விதி, 150 என்பது சலுகை என்று நாம் சொல்லும்போது நடப்பது இதுதான். 160 எங்கிருந்து வந்தது, எந்தக் கம்பியை எட்டுவதற்கு, எந்த வேலையைச் செய்வதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

இலக்கிய விமர்சகர்கள் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு இதில் யாருடைய பார்வை பொதுப்பார்வையாக வைக்கப்பட்டிருக்கிறது, யார் அடைமொழியோடு மட்டுமே உள்ளே வருகிறார்கள் என்று பார்ப்பார்கள் இல்லையா? அதே வேலையை ஒரு பஸ் கழகத்தின் மீது செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. பெயர்ப்பலகை, வண்ணம், படிக்கட்டு, பயணச்சீட்டு, ஆளெடுப்பு விதி என்று ஒரு துறை எழுதுவது எல்லாமே வாசிக்கக் கூடியதுதான். சமத்துவம் பற்றி அந்தத் துறை மேடையில் என்ன பேசுகிறது என்பதைவிட, இவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது நம்பகமானது.

முதலில் பெயர்.

சென்னை பஸ்ஸின் பக்கவாட்டில் ‘மாநகர் போக்குவரத்துக் கழகம்’ என்று இருக்கிறதே, அந்த உப்புச்சப்பில்லாத பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1972-இல் தொடங்கப்பட்டபோது அது பல்லவன் போக்குவரத்துக் கழகம். 1994-இல் அதிலிருந்து டாக்டர் அம்பேத்கர் பெயரில் இன்னொரு கழகம் பிரிந்தது. சேரன், பாண்டியன், கட்டபொம்மன், நேசமணி, ஜீவா, ராணி மங்கம்மாள் என்று மாநிலம் முழுக்க மன்னர்களும் தலைவர்களும் பச்சை, சிவப்பு, நீல பஸ்களின் மீது ஓடிக்கொண்டிருந்தார்கள். 1997-இல் விருதுநகரில் புதிய கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனின் படையில் இருந்த வீரர். தலித் சமூகத்தவர். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வந்தது, உயிர்கள் போயின. அரசு எடுத்த முடிவு என்ன தெரியுமா? எல்லாக் கழகங்களிலிருந்தும், கூடவே எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. பல்லவனும் அம்பேத்கரும் சேர்ந்தே இறங்கிப் போனார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நடுநிலை. எல்லாப் பெயரும் போயிற்று, யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் இதைக் கொஞ்சம் உன்னித்து வாசித்தால் வேறொன்று தெரியும். கட்டபொம்மன் பெயரிட்ட பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள். அவருடைய தளபதியின் பெயரில்தான் பிரச்சினை. ஒரு பெயர் மட்டும்தான் ‘சாதிப் பெயராக’ வாசிக்கப்பட்டது, மற்றவை வெறும் பெயர்கள். இங்கேயும் அதே டிஃபால்ட். எதிர்ப்பவரின் கோபத்தை அளவாக வைத்துக்கொண்டு துறை ஒரு தீர்வை எழுதியது. சமத்துவம் என்பதற்கு ‘எல்லாவற்றையும் அழித்துவிடு’ என்று அது கண்டுபிடித்த அர்த்தம் இன்றும் நம் நகரத்து பஸ்ஸின் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே பத்தாண்டின் தென் மாவட்டங்களைத்தான் மாரி செல்வராஜ் ‘கர்ணன்’ (2021) படத்தில் எடுத்துக்கொண்டார். 1995 கொடியன்குளம் வன்முறையின் நிழல் படிந்த படம். நம் தலைமுறை வாசகர்களுக்கு அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தலை வெட்டப்பட்ட புத்தர் சிலை, கால் கட்டப்பட்ட கழுதை என்று குறியீடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம். எனக்கு அந்தப் படத்தில் முக்கியமாகப் படுவது குறியீடே இல்லாத ஒரு விஷயம்: பஸ் நிற்கவில்லை. நடுரோட்டில் ஒரு பெண்பிள்ளை வலிப்பு வந்து கிடக்க, வண்டிகள் இருபக்கமும் போய்க்கொண்டே இருக்கின்றன. தமிழ் சினிமாவில் பஸ் என்றால் காதல், பாட்டு, ஃபுட்போர்டு. பஸ் நிறுத்தம் என்பது ஒருவர் எடுக்கும் முடிவு, அது இயற்கையில் முளைப்பதில்லை என்று அவ்வளவு உக்கிரமாகச் சொன்ன படம் வேறில்லை.

ஆனாலும் ஒரு குறை சொல்ல வேண்டும். அந்த முடிவை எடுத்தவர் படத்தில் இல்லை. ஓட்டுநரும் நடத்துநரும் இருக்கிறார்கள், கல்லடி படும் கண்ணாடி இருக்கிறது. பிறகு போலீஸ் வந்துவிடுகிறது, கதையின் முழுக் கவனமும் அங்கே திரும்பிவிடுகிறது. எந்த மேசையில், எந்தக் கோப்பில் அந்த ஊருக்கு நிறுத்தம் வேண்டாம் என்று எழுதப்பட்டது? அந்த மேசைக்கு முகமே இல்லை. வில்லன் இல்லாத இடத்தில் கதை சொல்வது கஷ்டம்தான், புரிகிறது. ஆனால் போக்குவரத்தில் நடக்கும் அநீதியின் பெரும்பகுதி வில்லன் இல்லாமலேயே நடக்கிறது. கெட்ட அதிகாரி ஒருவர் தேவையே இல்லை. பழைய அட்டவணை ஒன்றை யாரும் திறந்து பார்க்காமல் இருந்தால் போதும்.

இப்போது சென்னைக்கு வருவோம். 2021 மே மாதம் புதிய அரசு பதவியேற்றதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். பிறகு திருநர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வருபவருக்கும் அது நீண்டது. ‘விடியல் பயணம்’ என்று பெயர் வந்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு ஒன்று சொன்னது.

இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய அழகை யாரும் பேசிப் பார்த்ததில்லை: இதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. வருமானச் சான்றிதழ் வேண்டாம், ரேஷன் கார்டு நகல் வேண்டாம், ஓடிபி வேண்டாம். கையைக் காட்டினால் பஸ் நிற்க வேண்டும், ஏறினால் சீட்டு தர வேண்டும். ‘தகுதியானவரை மட்டும் கண்டறிந்து’ உதவி செய்யும் அமைப்புகளைக் கட்டுவது எங்கள் தொழிலில் தினசரி வேலை. அவற்றில் உண்மையிலேயே தேவைப்படுபவர் எந்தத் திரையில் தடுக்கி விழுவார் என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் திரையே இல்லாத ஒரு வடிவமைப்பு இது.

இன்னொன்று, பழைய கட்டண முறை யாரை நினைத்து எழுதப்பட்டது என்பதை இது காட்டிக்கொடுத்தது. காலையில் வீட்டிலிருந்து ஆபீஸ், மாலையில் ஆபீஸிலிருந்து வீடு என்று ஒரே கோட்டில் போய்வரும் ஆள்தான் அந்த முறையின் நாயகன். மாதத் தொடக்கத்தில் மொத்தமாக 1000 ரூபாய் எடுத்து வைக்க முடிகிறவருக்கு பாஸ் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் நாள் அப்படியா இருக்கிறது? பிள்ளையைப் பள்ளியில் விட்டு, முதல் வீட்டுக்குப் போய், அங்கிருந்து இரண்டாவது வீடு, ரேஷன் கடை, மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை. ஒவ்வொரு முறை ஏறும்போதும் புதுச் சீட்டு. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தானே என்பார்கள். நாளைக்கு ஆறு தடவை ஏறினால் 30 ரூபாய். அதற்கு பயந்து நடந்தே போன தூரங்கள் எந்தக் கணக்கிலும் வராது. பஸ்ஸில் ஏறாதவருக்குச் சீட்டு கிழிப்பதில்லை அல்லவா.

இங்கேதான் அந்தப் பூஜ்ய மதிப்புச் சீட்டு முக்கியமாகிறது. பணம் வாங்கிக் கிழித்த பழைய சீட்டில் ஏறியது ஆணா பெண்ணா என்று இருக்காது. கட்டணமில்லாச் சீட்டு வந்த பிறகுதான் தன் பஸ்ஸில் தினமும் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்பது துறையின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் விழத் தொடங்கியது. ஒரு ரூபாய்கூட வசூலிக்காத சீட்டுதான் அவர்களை முதன்முதலாக எண்ணியது.

இவ்வளவு நல்ல வாக்கியத்தை எழுதிய துறை, அடுத்த வரியில் என்ன செய்தது? 2022-இல் அந்த பஸ்களின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இளஞ்சிவப்புப் பூசியது. பெண்களுக்கு எளிதாக அடையாளம் தெரிய வேண்டும் என்பது காரணம். காரணத்தில் தப்பில்லை. ஆனால் அதே பஸ்ஸில் ஆண்களும் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது சாதா பஸ், நகரத்தின் பொது பஸ். பிங்க் பூசியதும் அது ‘லேடீஸ் பஸ்’ ஆகி, பூசாத பஸ் தன்னால் பொது பஸ் ஆகிவிடுகிறது. அடைமொழி யாருக்கு வருகிறது என்று பார்க்கச் சொன்னேனே, அது இதைத்தான்.

அதே ஆண்டு ஓர் அமைச்சர் பொதுமேடையில் இந்தப் பயணத்தை ‘ஓசி’ என்றார். பெரிய சர்ச்சை ஆனது. ஓசி என்ற சொல்லுக்கு ஒரு வாய்வழி விளக்கம் உண்டு: கம்பெனி காலத்தில் அதிகாரிகளின் தபாலில் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்று முத்திரை இருக்கும், அதற்குக் காசு கிடையாது, அதன் சுருக்கம்தான் ஓசி என்பார்கள். அந்த விளக்கப்படி பார்த்தால், ஓசி என்பது அதிகாரத்தில் இருந்தவர் அனுபவித்த உரிமை. இன்றைக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கு அரசு பஸ்ஸில் கட்டணமில்லை. தமிழறிஞர்களுக்கு பஸ் பாஸ் உண்டு. தமிழறிஞர் ஒருவரை ‘ஓசியில் போகிறார்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவருடையது மரியாதை. பாத்திரம் கழுவப் போகிறவருடையது ஓசி.

சொல் மேடையோடு நிற்பதில்லை, பஸ்ஸுக்குள்ளும் இறங்கி வருகிறது. வசூலைப் பொறுத்து பேட்டா என்பது நம் பஸ் ஊழியர்களின் நீண்ட காலப் பழக்கம். வசூல் கூடினால் கையில் கொஞ்சம் கூடும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கண்ணுக்கு, நிறுத்தத்தில் பத்துப் பெண்கள் மட்டும் நின்றால் அங்கே என்ன தெரியும்? பஸ் சற்றுத் தள்ளிப் போய் நிற்பது, நிற்காமலே போவது என்று புகார்கள் வந்தன. பெண்களிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள், நிறுத்தத்தில் கட்டாயம் நிறுத்துங்கள் என்று சுற்றறிக்கையும் போனது. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, ஊக்கத்தொகையில் இருக்கும் பிழையை ஒழுக்க போதனையால் திருத்தப் பார்க்கிறார்கள் என்று. எங்கள் ஆபீஸ்களிலும் இதே கதைதான். அளவுகோல் ஒன்று, அறிவுரை இன்னொன்று என்றால் ஆட்கள் அளவுகோலைத்தான் கேட்பார்கள்.

அடுத்தது படிக்கட்டு. சாதாரண உயர்தள பஸ்ஸின் தரை சாலையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். உங்கள் வீட்டுச் சமையல் மேடையின் உயரம். தாழ்தள பஸ்ஸில் அது 400, நாற்காலி உயரத்துக்கும் சற்றுக் கீழே. நடைமேடை சரியாக இருந்து, பஸ்ஸும் ஒரு பக்கம் சாய்ந்து, சாய்தளப் பலகையும் இறங்கினால் சக்கர நாற்காலி உருண்டு உள்ளே போகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதற்குப் பிறகும் உயர்தள பஸ் வாங்க முனைந்ததை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்ட வழக்கு நடந்தது. 2024 ஆகஸ்டில்தான் 58 புதிய தாழ்தள பஸ்கள் சென்னைச் சாலைக்கு வந்தன.

அந்த வழக்கில் அரசுத் தரப்பு சொன்ன வாதங்களில் ஒன்று எனக்கு மிகவும் சுவாரசியமானது: நம் சாலைகள் தாழ்தள பஸ்ஸுக்குத் தோதானவை அல்ல, பள்ளம் இருக்கிறது, மழைநீர் தேங்குகிறது. பொய் இல்லை, எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் அந்த வாதத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். சாலையைப் போட்டது அரசு, பஸ்ஸை வாங்குவதும் அரசு. சாலை சரியில்லை என்ற குற்றத்துக்கு தண்டனை மட்டும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு. முதல் தப்பு இரண்டாவது தப்புக்குச் சாட்சி சொல்ல வருகிறது. 900 மில்லிமீட்டரும் 160 சென்டிமீட்டரும் ஒரே கையெழுத்து. இரண்டும் ஓர் உடலைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டவை. நல்ல உயரம், உறுதியான முழங்கால், கையில் குழந்தை கிடையாது, வயதும் ஆகாது. அந்த உடலோடு நம்மில் யாரும் ஆயுள் முழுக்க இருக்கப்போவதில்லை.

துறைக்குள் யார் வேலை செய்கிறார்கள் என்ற கேள்விக்கு இப்போது திரும்பலாம். தமிழக அரசு பஸ்ஸின் முதல் பெண் ஓட்டுநர் வசந்தகுமாரி 1993-இல் குமரி மாவட்டத்தில் பணியில் சேர்ந்தார், 2017-இல் ஓய்வு பெற்றார். பொது அறிவுக் கேள்வி-பதிலில் இன்றைக்கும் அவர் பெயர் வருகிறது. அதுதான் எனக்குக் கவலை. ஒரு துறையில் ‘முதல் பெண்’ முப்பது வருடங்களுக்குப் பிறகும் நினைவில் நிற்கிறார் என்றால், இரண்டாவது, மூன்றாவது, நூறாவது பெண் வரவில்லை என்று அர்த்தம். முதல் பெண் டாக்டர் யார் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். நம் தெருவில் நாலு பேர் இருப்பதால் அந்தப் பெயர் வரலாற்றுக்குப் போய்விட்டது. பெண் ஓட்டுநர் இன்னும் வினாடி வினாவைவிட்டு வெளியே வரவில்லை.

வேலைக்கு எடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்பதற்கு பக்கத்து மாநிலத்தில் பதில் இருக்கிறது. 2017-இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களுக்கு வேலை கொடுத்தது. உலகப் பத்திரிகைகள் எழுதின. ஒரு வாரத்துக்குள் சிலர் வேலையை விட்டார்கள். காரணம், நகரத்தில் யாரும் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தரவில்லை. வேலை கொடுத்த நிர்வாகத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நம் துறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு அடியைக்கூட வைத்ததில்லை. ஆனால் ஆளெடுப்பு உத்தரவு ஒருவரை டிக்கெட் கவுன்ட்டர் வரைதான் கொண்டுவரும். இரவு எங்கே தூங்குவார், டெர்மினஸில் எந்தக் கழிவறைக்குப் போவார், விடியற்காலை நாலு மணி டூட்டிக்கு எப்படி வந்து சேருவார் என்பதெல்லாம் வேறு வேறு கோப்புகள். அவற்றையும் திறந்தால்தான் முதல் கோப்பு உயிரோடு இருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும். கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன, இதில் சமத்துவத்துக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. 2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, ஓய்வு பெற்றவர்களுக்கு வர வேண்டிய அகவிலைப்படி. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர், தனக்குச் சேர வேண்டியதைத் தெருவில் நின்று கேட்கிறார். அந்த ஊழியரிடம் போய் ‘நீ பெண்களிடம் கனிவாக இரு’ என்று சுற்றறிக்கை அனுப்புவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. துறை எழுதாமல் விட்டதையெல்லாம் கடைசியில் நெரிசலில் தொங்கிக்கொண்டு தீர்க்க வேண்டியவர் அந்த நடத்துநர்தான். சமத்துவத்தின் செலவை மிகக் கீழே இருப்பவர் தலையில் கட்டினால், அவர் அதை வெறுக்கத்தான் செய்வார்.

ஆனால் இந்தக் கட்டுரையில் பேசியவற்றில் எத்தனை விஷயத்துக்குப் பணம் வேண்டும்? தாழ்தள பஸ்ஸுக்கு வேண்டும், நிறையவே வேண்டும். 160-ஐ 150 ஆக்க ஒரு பைசா செலவில்லை. பேட்டாவை வசூலிலிருந்து பிரித்து, ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கையோடு கட்ட, கணக்கு முறையைத்தான் மாற்ற வேண்டும். எண்ணிக்கை ஏற்கெனவே அந்தப் பூஜ்யச் சீட்டில் இருக்கிறது. எந்த நிறுத்தத்தில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அதற்குத் தக்கபடி கால அட்டவணையைத் திருத்த ஒரு கூட்டம் போட்டால் போதும். அந்தக் கூட்டத்தில் அதிகாலை பஸ்ஸில் போகும் ஒரு பெண்ணும், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரும், ஒரு நடத்துநரும் உட்கார்ந்திருக்க வேண்டும். கருத்துக் கேட்டுவிட்டு அனுப்பிவைப்பதற்காக இல்லை, கையெழுத்துப் போடுவதற்காக.

150-க்கும் இது பொருந்தும். சராசரி 152 என்றால், 150-க்குக் கீழே இருக்கும் பெண்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. அவர்களுக்கு நாளைக்கு 145 என்று இன்னொரு ‘சலுகை’ வரலாம். அதற்கு பதில் விதியை வேறு மாதிரி எழுதிப் பாருங்கள்: நடத்துநர் இன்ன கம்பியைப் பிடிக்க வேண்டும், ஓடும் பஸ்ஸில் நின்று சீட்டுக் கொடுக்க வேண்டும், படியில் நிற்பவரைப் பார்க்க வேண்டும். இதைச் செய்ய முடிகிறவர் வரலாம். இதில் ஆண் பெண் என்ற சொல்லே வரவில்லை, சலுகையும் வரவில்லை. கம்பி எட்டவில்லையா? கம்பியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பயணிகளில் பாதிப் பேருக்கும் அது எட்டுவதில்லை.